டீசல் எங்கே போகிறது: டர்பன் கிடங்கிலிருந்து சில அனுபவங்கள்

கடைகளுக்கு மொத்தமாகச் சரக்கு அனுப்புகிறவர்கள் சுற்றுச்சூழல் பற்றி வாயைத் திறந்தாலே, எலக்ட்ரிக் லாரி எப்போது வாங்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவின் துறைமுக நகரமான டர்பனில் ஒரு மசாலா, பருப்பு மொத்த வியாபாரக் கிடங்கில் சரக்கு அனுப்பும் பொறுப்பில் இத்தனை வருஷம் இருந்து பார்த்ததில், லாரியை மாற்றுவதற்கு முன்னால் மாற்ற வேண்டியது நிறைய இருக்கிறது, அதில் முக்கால்வாசி ஆர்டர் எடுக்கிற மேசையிலேயே இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. சென்னையிலோ கோலாலம்பூரிலோ இதே வேலை பார்க்கிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எலக்ட்ரிக் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தென்னாப்பிரிக்காவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அந்த மின்சாரத்தை வாங்கிக் கனரக லாரியில் ஏற்றினால், டர்பன் சாலையில் வரும் புகை ம்புமலங்கா மாகாணத்து அனல்மின் நிலையங்களுக்கு இடம் மாறும், மொத்தக் கணக்கில் பெரிதாகக் குறையாது. சொந்தக் கூரையில் சோலார் போட்டு, ஊருக்குள் ஓடும் சின்ன வேன்களுக்கு மட்டும் ஏற்றினால் நிச்சயம் நல்லது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வெயில் அடிக்கிற நேரத்தில் வேன் கிடங்கில் நிற்காது, கடை கடையாகப் போய்க்கொண்டிருக்கும். விடியற்காலையில் லோடை அனுப்பி, பதினொரு மணிவாக்கில் வண்டி திரும்பிவிடும்படி ரூட்டை மாற்ற முடிந்தவர்கள் யோசிக்கலாம். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

எங்கள் சரக்கு இரண்டு பக்கமாகப் போகிறது. ஒன்று உள்ளூர்: சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், ஸ்டேங்கர், தெற்கே இசிபிங்கோ, மேற்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க். 1860இல் தொடங்கிக் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் ஆட்கள் வந்து இறங்கிய கரை இது, அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் நடத்துகிற கடைகள்தான் எங்களுக்குப் பாதி வியாபாரம். இன்னொரு பக்கம் மேலே: என்3 நெடுஞ்சாலையில் ஏறி ஜோஹானஸ்பர்க் அருகே லெனேஷியா, பிரிட்டோரியா அருகே லாடியம்.

இந்த "மேலே" என்பதை யாரும் சரியாக யோசிப்பதில்லை. டர்பனிலிருந்து ஜோஹானஸ்பர்க் ஏறத்தாழ 570 கிலோமீட்டர், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் லாரி கடல் மட்டத்தில் கிளம்பி, வான் ரீனன் கணவாய் ஏறி, கடைசியில் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. ஒரு டன் எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும், தூரத்தைக் கணக்கில் சேர்க்காமலே, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக டீசல் வேண்டும். பள்ளிக்கூடத்து இயற்பியல்தான்: எடை, உயரம், டீசலின் சக்தியில் என்ஜின் உருப்படியாகத் தருவது நாற்பது சதவீதம் என்று வைத்துப் போட்ட கணக்கு. இங்கே பெரிய இரட்டை டிரெய்லர் லாரிக்குச் சட்டப்படி மொத்த எடை 56 டன், நீளம் 22 மீட்டர். அதில் வண்டியின் சொந்த எடையே இருபது டன்னுக்கு மேல் வரும். அப்படியென்றால் ஒரு மூட்டை கூட ஏற்றாமல் போனாலும் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்ளவே இருபது லிட்டருக்கு மேல் எரிக்கிறது, ஒவ்வொரு லிட்டரும் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. பாதி லோடோடு போனால் டீசல் பாதியாகக் குறையாது, வண்டியின் எடைக்கான டீசல் முழுசாக எரிந்துதான் தீரும். இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி முதலாளியிடம் காட்டிய பிறகுதான் எங்கள் கிடங்கில் பேச்சே மாறியது. சுற்றுச்சூழல் என்று சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார், லிட்டர் கணக்கைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 2019 ஜூனிலிருந்து இங்கே டீசல் விலைக்குள்ளேயே கார்பன் வரியும் இருக்கிறது, ஆக வீணாகிற ஒவ்வொரு லிட்டருக்கும் இரண்டு தடவை நஷ்டம்.

சரி, எங்கள் லாரி ஏன் பாதி காலியாகப் போய்க்கொண்டிருந்தது?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மென்பொருள் ஒன்றும் வேண்டாம். பழைய டெலிவரி நோட்டுகளை எடுத்து, ஒரே கடைக்கு ஒரே வாரத்தில் எத்தனை தடவை போயிருக்கிறோம், ஒவ்வொரு தடவையும் எத்தனை கிலோ இறக்கினோம் என்று எக்செல்லில் போட்டாலே தெரிந்துவிடும். எங்களிடம் மூத்த டிரைவர் ஒருவர் இருக்கிறார், ஜூலுக்காரர், எல்லோரும் மரியாதையாக பாபா என்று கூப்பிடுவோம். அவரிடம் கேட்டேன், "அவசரம்" என்று நாம் கொண்டுபோகிற சரக்கை அந்தக் கடைகளில் என்ன செய்கிறார்கள் என்று. போன தடவை இறக்கிய மூட்டை இன்னும் தையல் பிரிக்காமல் இருக்கிறது, அதன் மேலேதான் புதிதை அடுக்கிவிட்டு வருகிறேன் என்றார். அலுவலகத்தில் இருக்கிற எங்களுக்கு அது தெரியவே வழியில்லை. சரக்குப் போக்குவரத்தைச் சீர்படுத்த நினைக்கிற யாரும் முதலில் டிரைவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், கடையின் பின்பக்கத்தைப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான்.

கடைக்காரர்கள் ஏன் கொஞ்சம் கொஞ்சமாக, அதுவும் நாளைக்கே வேண்டும் என்று கேட்கிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. கடன் நாள்தான் காரணம். ஒவ்வொரு பில்லுக்கும் அந்தப் பில் தேதியிலிருந்து முப்பது நாள் என்று வைத்திருந்தோம். பெரிய ஆர்டர் போட்டால் பெரிய தொகை ஒரே நாளில் கட்ட வேண்டும், சின்னச் சின்னதாகப் போட்டால் கட்டுவதும் சின்னச் சின்னதாகப் போகும். அவர்கள் செய்தது சரியான வியாபாரம். அந்த விதிதான் எங்கள் வண்டியைத் திரும்பத் திரும்ப அதே தெருவுக்கு ஓட்டியது. மாத முடிவில் ஒரே கணக்கு, அதிலிருந்து கடன் நாள் என்று மாற்றியதும், பெரிய ஆர்டரைத் தள்ளிப்போட அவர்களுக்கு இருந்த காரணம் போய்விட்டது. இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவே இல்லை, கணக்குப்பிள்ளையைச் சம்மதிக்க வைப்பதுதான் வேலை. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது பாருங்கள்.

அடுத்தது, ஒவ்வொரு பகுதிக்கும் நிலையான டெலிவரி நாள். வடக்குக் கடற்கரைக்கு ஒரு நாள், சாட்ஸ்வர்த், இசிபிங்கோவுக்கு ஒரு நாள், மேலே வாரத்துக்கு ஒரு லாரி. இதை எங்கள் வசதிக்குப் பிரித்திருந்தால் முதல் மாதமே உடைந்திருக்கும். சாட்ஸ்வர்த்தில் கடை வைத்திருக்கும் ஒரு ஆன்ட்டி, ஆங்கிலத்தின் நடுவே தம்பி தம்பி என்று போட்டுப் பேசுவார், அவர்தான் விளக்கினார்: சனிக்கிழமை காலையில் ஆட்டுக்கறி வாங்குகிறவர்கள் நேராகத் தன் கடைக்குத்தான் மசாலாவுக்கு வருவார்கள், சரக்கு வியாழனன்று வந்தால் பிரித்துப் பாக்கெட் போட்டு வைக்க நேரம் இருக்கும், வெள்ளி மாலை வந்தால் இல்லை. அவர் சொன்னபடியே வியாழன் வைத்தோம். கடைக்காரருடைய விற்பனை நாளைப் பார்த்து டெலிவரி நாளை வைத்தால், அவரே அந்த நாளைக் காப்பாற்றுவார். உண்மையிலேயே அவசரம் என்றால் மறுப்பதில்லை, நீங்களே வந்து எடுத்துக்கொள்ளலாம், அல்லது அந்த ஒரு நடைக்கான செலவைக் கொடுத்தால் கொண்டுவருகிறோம் என்கிறோம். கேட்பவர்கள் எண்ணிக்கை மெல்ல மெல்லத் தேய்ந்துபோனது.

திருவிழாக்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது, புரட்டாசி, தீபாவளி, தைப்பூசக் காவடி, ஈஸ்டர் சமயத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று வரும், ஒவ்வொன்றுக்கும் கடைசி வாரத்தில் வண்டி பறக்கும். இதில் எதுவுமே திடீரென்று வருவதில்லை, பஞ்சாங்கத்தில் வருஷத்துக்கு முன்னாலேயே இருக்கிறது! கோயில் கமிட்டிகளிடம் முன்கூட்டியே பட்டியல் வாங்கிவிட்டால் அரிசி, பருப்பு, மஞ்சள் எல்லாம் வழக்கமான வண்டியிலேயே இடம் பிடித்துவிடும், தனி நடை வேண்டாம். இன்னொன்றும் கவனித்தேன். புரட்டாசியில் இங்கே நம் ஆட்கள் கறி சாப்பிடுவதை நிறுத்துகிறார்கள், கறி மசாலா குறைந்து பருப்பும் பயறும் ஏறும். பருப்பு கனம், அதனால் வண்டி இடம் தீர்வதற்கு முன்னால் எடை தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் காய்ந்த மிளகாய் அதிகம் போனால் எடை ஏறுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். எந்த மாதம் எது முதலில் தீர்கிறது என்று தெரிந்தால்தான் மீதியை எதை வைத்து நிரப்பலாம் என்று யோசிக்க முடியும்.

நிரப்புவதற்கு வேறொருவருடைய சரக்கைச் சேர்த்துக்கொள்வது நல்ல வழி. பருப்பு கனமாகப் போகும் மாதங்களில் மூட்டைகளுக்கு மேல் இருக்கும் வெற்றிடத்தில் காகிதத் தட்டு, கோப்பை விற்கும் ஒரு மொத்த வியாபாரியின் பெட்டிகளை ஏற்றினோம். போட்டியாளரோடு பேசக் கூச்சப்படுகிறவர்கள் இப்படி வேறு தொழில்காரரிடமிருந்து தொடங்கலாம். ஆனால் மசாலாவுக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது, வாசனை. மிளகாய்த்தூளும் பெருங்காயமும் போன வண்டியில் பிஸ்கட்டோ தேயிலையோ மைதாவோ ஏற்றவே கூடாது, ஏற்றினால் அந்தச் சரக்கு முழுக்கத் திரும்பி வரும், திரும்பி வருகிற சரக்குக்கு எரிந்த டீசலை விட மோசமான வீண் வேறில்லை. அதனால் எதோடு எது போகலாம் என்று ஒரு பட்டியல் கிடங்குச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

திரும்பி வரும் பயணத்திலும் இதே வாசனைதான் குறுக்கே நின்றது. லெனேஷியாவில் இறக்கிவிட்டு லாரி காலியாகக் கீழே வந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து மாவு ஏற்றலாம் என்றால் முடியாது. அப்புறம்தான் எங்கள் சொந்த ஊறுகாய்ப் பிரிவுக்கு வரும் கண்ணாடி ஜாடிகள் நினைவுக்கு வந்தன. அவை ஜோஹானஸ்பர்க் பக்கத்திலிருந்து இன்னொரு லாரியில் வந்துகொண்டிருந்தன, அந்த லாரி போகும்போது காலி. சுருக்கு உறையிட்டு மூடிய காலி ஜாடிக்கு வாசனை ஒட்டாது, இங்கே வந்ததும் எப்படியும் கழுவுகிறோம். இரண்டு காலிப் பயணங்கள் இல்லாமல் போயின. உங்கள் நிறுவனத்தில் சரக்கு வாங்குகிற பிரிவும் அனுப்புகிற பிரிவும் தனித்தனியாக லாரி பேசுகிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் நடக்கிறது.

பேக்கிங் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டர்பனின் கோடைக் காற்றில் ஈரம் ரொம்ப அதிகம், அட்டைப்பெட்டி அந்த ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துபோகும், கீழ் வரிசைப் பெட்டி நசுங்கும். நசுங்குகிறதே என்று பெட்டியை 3 பிளையிலிருந்து (மூன்று அடுக்கு அட்டை) 5 பிளைக்கு மாற்றுவார்கள், மேலே ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் என்கிற இழுபடும் பிளாஸ்டிக் தாளை இன்னும் நாலு சுற்றுச் சுற்றுவார்கள். எங்கள் பேலட்டுகளை, அதாவது பெட்டிகளை அடுக்கித் தூக்குகிற தட்டுகளை, நின்று பார்த்தபோது, பெட்டிகளைச் செங்கல் சுவர் போல மாற்றி மாற்றி அடுக்கியிருந்தார்கள். அட்டைப்பெட்டியின் பலம் முழுக்க அதன் நாலு மூலையில்தான் இருக்கிறது. மூலைக்கு மேல் மூலை வந்தால் தாங்கும், மூலை அடுத்த பெட்டியின் நடுவில் உட்கார்ந்தால் தாங்காது. நேர் தூண்களாக அடுக்கி, மேல் வரிசையை மட்டும் மாற்றிக் கட்டி, பேலட்டின் நாலு ஓரத்திலும் அட்டைக் கோணப்பட்டை வைத்ததும், பல சரக்குகளுக்கு 3 பிளையே போதுமானதாகிவிட்டது. பெட்டி பேலட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அளவு வெளியே நீட்டினாலும் அந்தப் பக்கத்து மூலைகளுக்குப் பிடிமானம் இல்லை, அதனால் 1200க்கு 1000 மில்லிமீட்டர் பேலட்டில் சரியாக உட்காருகிற அளவில் பெட்டியை வடிவமைக்கச் சொன்னோம். ஃபிலிமைக் கையால் இழுத்துச் சுற்றுவதை விட்டு, முன்பே இழுத்துச் சுற்றும் இயந்திரத்துக்கு மாறினால் அதே பிடிப்புக்குப் பாதிக்கும் குறைவான பிளாஸ்டிக் போதும். 2021 மே முதல் இந்த நாட்டில் பேக்கிங் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருகிறவர்களே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்று விதி வந்துவிட்டது, எடையைக் குறைத்தால் அந்தக் கட்டணமும் குறைகிறது.

உள்ளூர்க் கடைகளுக்கு அட்டைப்பெட்டியை விட்டு, ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற பிளாஸ்டிக் கிரேட்டுக்கு மாறினோம். டெபாசிட் வாங்காமல் கொடுத்தால் கிரேட் திரும்பாது, கடைக்குப் பின்னால் தக்காளி வைக்கப் போய்விடும். டெபாசிட் வைத்தால் திரும்பிவிடும். ஜோஹானஸ்பர்க் வரை கிரேட் அனுப்புவதில் அர்த்தமில்லை, அதன் எடையே மலை ஏறி இறங்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து வரும் கன்டெய்னர்கள் வேறு உலகம், ஆனால் அங்கேயும் அதே அவசரம்தான் எதிரி. தூத்துக்குடியில் மிளகாயும் பருப்பும் தனித்தனிக் கன்டெய்னரில் ஏற்றினால் ஒன்று எடையில்லாமல் நிரம்பும், இன்னொன்று இடமிருந்தும் எடை நிரம்பும். கீழே பருப்பு, மேலே மிளகாய் என்று கலந்து ஏற்றச் சொன்னால் கன்டெய்னர் எண்ணிக்கையே குறையும், ஏற்றுகிற இடத்தில் யாராவது பொறுப்பாக நின்று பார்க்க வேண்டும். சரக்குத் தீர்ந்துவிட்டது என்று விமானத்தில் வரவழைப்பதை அடியோடு நிறுத்தினோம், கடலில் வருவதை விட அது பல பத்து மடங்கு கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. கப்பல் பத்து சதவீதம் மெதுவாகப் போனால் அதே தூரத்துக்கு எரிபொருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும், ஆகவே நாலு நாள் தாமதமாக வரும் சேவையை எடுத்துக்கொண்டு, கிடங்கில் கையிருப்பைக் கொஞ்சம் கூட வைக்கிறோம். 2023 கடைசியிலிருந்து செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல்கள் போக ஆரம்பித்த காலத்தில் அட்டவணையெல்லாம் குலைந்தபோதும் அந்தக் கையிருப்புதான் காப்பாற்றியது.

மேலே விற்கிற சரக்கை டர்பன் கிடங்கில் இறக்கவே வேண்டாம் என்பது இன்னொரு முடிவு. ஜோஹானஸ்பர்க்கின் சிட்டி டீப் உள்நாட்டுத் துறைமுகத்துக்கே கன்டெய்னர் நேராகப் போகும்படி எழுதிவிடலாம், ரயிலில் போகவும் வழி உண்டு. ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக லாரியை விட ரயில் மிகக் குறைவாகவே எரிக்கும். தென்னாப்பிரிக்க ரயிலின் நிலைமைதான் எல்லோருக்கும் தெரிந்ததாயிற்றே: 2017-18இல் 226 மில்லியன் டன் ஏற்றிய ரயில், கேபிள் திருட்டும் இன்ஜின் பற்றாக்குறையும் சேர்ந்து 2022-23இல் 150 மில்லியனுக்கும் கீழே போனது. 2025 ஆகஸ்ட்டில் 11 தனியார் நிறுவனங்களுக்குப் பாதையில் ரயில் ஓட்ட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அரிசி, பருப்பு போல அவசரமே இல்லாத சரக்கை ரயிலுக்கென்று இப்போதே பிரித்து வைத்திருக்கிறோம், இடம் கிடைக்கும்போது நாளை எண்ணாமல் அனுப்பலாம்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்று புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் கேட்பதுண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தை அவர்களுக்குச் சொல்வேன். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், இசிபிங்கோ பக்கம் என்2 சாலையில் கன்டெய்னர்கள் மிதந்து வந்து குறுக்கே கிடந்தன, துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலை பெயர்ந்துபோனது. பூமி சூடாவதால் அப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பு இரட்டிப்பாகியிருக்கிறது என்று விஞ்ஞானிகள் ஆய்ந்து சொன்னார்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் வீட்டை இழந்தவர்கள் இருந்தார்கள். நாங்கள் எரிக்கிற டீசல் அதில் சிறு துளிதான், ஆனால் அந்தத் துளி எங்கள் கையில் இருக்கிறது, அதைக் குறைக்காமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

அளப்பது பற்றி ஒன்று மட்டும். மொத்த டீசலை மட்டும் பார்க்காதீர்கள், வியாபாரம் ஏறினால் அதுவும் ஏறும். டெலிவரி ஆன ஒரு டன்னுக்கு எத்தனை லிட்டர் என்று, உள்ளூருக்கும் மேலே போவதற்கும் தனித்தனியாகப் பாருங்கள். வாங்குகிற பெரிய கடைகள் கார்பன் கணக்குக் கேட்டால் 2023இல் வந்த ஐஎஸ்ஓ 14083 என்ற தரம் இருக்கிறது, அதன்படி எண்ணெய்க் கிணற்றிலிருந்து சக்கரம் வரைக்கும் சேர்த்து எழுத வேண்டும், காலியாகத் திரும்புவதையும் மறைக்கக் கூடாது.

இப்போது நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் மையக் கிடங்கோடு. அவர்கள் கொடுக்கிற இறக்கும் நேரம் எங்கள் நிலையான லாரி நாளோடு ஒத்துப்போகவில்லை, நேரம் தவறினால் லாரி என்ஜினை ஓடவிட்டு வரிசையில் நிற்கிறது, சும்மா நிற்கும்போதே மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் போகும். வரிசையில் என்ஜினை அணைப்பதை டிரைவர்கள் பழக்கமாக்கிக்கொண்டுவிட்டார்கள். இறக்கும் நாளை வாரத்துக்கு ஒன்றாக்க, முழு பேலட்டுகளாகவே அனுப்புகிறோம், உங்கள் ஆட்களுக்கும் எண்ணுகிற வேலை மிச்சம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர்களுடைய வாங்கும் பிரிவு ஒத்துக்கொண்டுவிட்டது, கிடங்குப் பிரிவு இன்னும் இல்லை. அடுத்த மாதம் பாபாவையும் அழைத்துக்கொண்டு நேரில் போய்ப் பேசப் போகிறேன்.